எட்டு எம்எம் பிளேட்டும் பக்கத்து சீட்டும்

மூணு ரேலி முடிஞ்ச பிறகுதான் எங்களுக்கு உறைச்சுது. நாங்க நாலு பேரும் கஷ்டப்பட்டுக் கட்டினது ரேலி காரு இல்ல, பெட்ரோல் இன்ஜின் மாட்டின கரும்பு டிரெய்லரு.

யாரு யாருன்னு மொதல்ல சொல்லிடறேன். ஓட்டறது என் தம்பி. பக்கத்து சீட்டுல உக்காந்து, அடுத்த வளைவு எப்பிடி, மேடா பள்ளமான்னு முன்னாடியே எழுதி வெச்ச நோட்டைப் பாத்துப் படிச்சுச் சொல்றவ நான். அதுக்குப் பேரு நேவிகேட்டரு. சொந்தக்காரங்க கேட்டா "தம்பிக்குத் துணையா போறேன்"னு சொல்லி வெச்சிருந்தேன், ஏன்னா நேவிகேட்டருன்னா இன்னான்னு வெளக்கறதுக்குள்ள பிரியாணி ஆறிடும். இன்ஜினைப் பாத்துக்கறவரு தியாகதுருகத்து மெக்கானிக், ஒல்லியா, வெடுவெடுன்னு பேசுவாரு. மத்த இரும்பு வேலை எல்லாம் வெல்டர் அண்ணன். கச்சிராயபாளையம் ரோட்டுல அவரு பட்டறை. கரும்பு ஏத்தற டிராக்டர் டிரெய்லர் கட்டறதுதான் அவரு தொழிலே.

எனக்கும் தம்பிக்கும் கள்ளக்குறிச்சி டவுன்ல ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அத்தா வெச்சது. அத்தாவும் இல்ல, அம்மாவும் இல்ல, கடை மட்டும் இருக்கு. நான் கல்யாணம் ஆகி ரெண்டே வருஷத்துல பெட்டியோட திரும்பி வந்தவ. அன்னிலேருந்து கல்லாவுல நான், கவுண்டர்ல அவன். எனக்கு மூக்கு மேல கோவம், அதையும் சொல்லிடறேன். ஹார்ன் வாங்க வந்தவன் பத்து ஹார்னை அடிச்சுப் பாத்துட்டு ஒண்ணும் வேணாம்னா, அவனை நான் சும்மா அனுப்பினதே இல்ல.

காரு பதினாலு வயசான வெள்ளைக் காரு. எங்க கடைக்கு எதிர்ல ரெண்டு வருஷமா ஓடாம நின்னுக்கினு இருந்துது. தம்பிக்கு அது மேல கண்ணு. அவன் ஏற்கெனவே ரேலிக்குன்னு இருக்கற லைசன்ஸ் வாங்கி, கோயம்புத்தூர்ல நண்பன் வண்டியில ரெண்டு ரேலி ஓட்டியிருந்தான். "அக்கா, இத வாங்கிடலாமா?"ன்னான். "வாங்கினா நான்தான் பக்கத்துல உக்காருவேன்"னேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவன் சரின்னுட்டான். ஒரல்ல தலையக் குடுத்த பிறகு ஒலக்கைக்கு பயந்தா ஆவுமா? நானும் லைசன்ஸ் எடுத்தேன். ஹெல்மெட்டுக்குள்ள தலை, கழுத்து எல்லாம் மூடற துணி ஒண்ணு போடணும்னு விதி. அத மாட்டிக்கினு கண்ணாடியில பாத்துட்டு, இதுக்கு மேல இன்னா முக்காடு வேணும், யாரு வந்து கேக்கறாங்கன்னு பாப்போம்னு நெனச்சேன்.

மொதல் ரேலியில நாலாவது ஸ்டேஜ்ல, அதாவது நாலாவது துண்டு ரோட்டுல, முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்கற ஆர்ம் ஒடைஞ்சுது. காரு தென்னந்தோப்பு ஓரமா நொண்டிக்கினு நின்னுது. அவ்ளோதான் ரேலி. வண்டியை ஏத்திக்கினு வந்து வெல்டர் அண்ணன் பட்டறையில எறக்கினோம். அவரு சுத்திச் சுத்திப் பாத்தாரு. ஒடைஞ்ச எடத்தைத் தடவிப் பாத்தாரு. "நான் கட்டின டிரெய்லரு ஒண்ணுகூட ஒடைஞ்சதில்லம்மா. பதினெட்டு டன்னு ஏத்திக்கினு ஓடையில எறங்கி ஏறுது. இது இன்னா, ஆளு ரெண்டு பேரு. இத ஒடையாம பண்ணித் தர்றேன்"னாரு. அவரு பேச்சுல அப்பிடி ஒரு உறுதி. எங்களுக்கு மனசு குளுந்துடுச்சு.

பண்ணிக் குடுத்தாரு. ஆர்முக்கு மேல ஒரு பட்டை, அதுக்கு மேல இன்னொரு பட்டை. ரெண்டாவது ரேலியில ஆர்ம் ஒடையல, கல்லு அடிச்சு இன்ஜினுக்கு அடியில இருக்கற ஆயில் சம்ப்பு ஓட்டை ஆச்சு. ஆயில் எல்லாம் ரோட்டுல. சம்ப்புக்குக் கீழ ஒரு பாதுகாப்புப் பிளேட்டு இருந்துது, ஆனா அது கம்பெனிக்காரன் போட்ட தகரம். வெல்டர் அண்ணன் அத ரெண்டு விரலால வளைச்சுக் காட்டிட்டு ஓரமாப் போட்டாரு. டிரெய்லருக்கு அடியில போடற எட்டு எம்எம் பிளேட்டை வெட்டி மாட்டினாரு. பாடிக்கு அடியில இரும்புச் சேனல், கதவுக்குள்ள பட்டை வெச்சாரு. ஸ்டெப்னி மாட்டற எடத்துல யானை கட்டலாம், அப்பிடி ஒரு கொக்கி. நாங்க ஒரு வார்த்தை தடுக்கல. தடுக்கத் தெரியல. எங்க ஊர்ல நல்ல வண்டின்னா கனமா இருக்கணும், அவ்ளோதான் கணக்கு. கதவைச் சாத்தினா டம்முன்னு சத்தம் வரணும். நாலு பேரும் சுத்தி நின்னு கதவைச் சாத்திச் சாத்திப் பாத்து சந்தோஷப்பட்டோம், அத நெனச்சா இன்னிக்கும் எனக்கு சிரிப்பு வருது.

மூணாவது ரேலியில ஒண்ணுமே ஒடையல. ஆனா காரு ஓடவும் இல்ல. ஏத்தத்துல மூச்சு வாங்குது. எறக்கத்துல பிரேக்கு காஞ்சு பொகை வருது. கிளட்சு தீஞ்ச வாடை ஹெல்மெட்டுக்குள்ள வந்துடுச்சு. கடைசி ஸ்டேஜுக்கு முன்னாடி கிளட்சு போயே போச்சு. மூணு ரேலி ஓடியும் ஒண்ணுலகூட முடிவுக் கோட்டை நாங்க பாக்கல. எனக்கு வந்த கோவத்துல ஹெல்மெட்டைத் தூக்கி கரட்டுல எறிஞ்சேன். அப்புறம் நானே போய் பொறுக்கிக்கினு வந்தேன், அது வெல கூடின சாமான்.

மெக்கானிக்தான் சொன்னாரு, "எல்லாரும் வாங்க, எடை போட்டுப் பாப்போம்"னு.

கச்சிராயபாளையம் போற வழியில கரும்பு லோடு நிறுக்கற எடைமேடை ஒண்ணு இருக்கு. அரவை நேரம். பத்துப் பன்னெண்டு டிராக்டரு கரும்போட வரிசையில நிக்குது. நடுவுல எங்க வெள்ளைக் காரு. எடை போடறவரு ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, "லோடு எங்க?"ன்னு கேட்டாரு. "இதான் லோடு"ன்னான் தம்பி. பெரிய போர்டுல செவப்பு எழுத்துல நம்பர் வரும், வரிசையில நிக்கற எல்லாருக்கும் தெரியும். மொதல்ல காலி வண்டி. மெக்கானிக் எழுதிக்கினாரு, மொகம் சுருங்கிச்சு. அப்புறம் தம்பி ஏறி உக்காந்தான், நம்பர் ஏறிச்சு. அப்புறம் நான் ஏறினேன். நம்பர் எகிறிச்சு. டிராக்டர் மேல இருந்த எவனோ ஒருத்தன் "அடேங்கப்பா!"ன்னான். நாலு பேரு சிரிச்சாங்க.

நான் எண்பத்தி நாலு கிலோ. மறைக்க ஒண்ணும் இல்ல. சின்ன வயசுலேருந்து அப்பிடித்தான். திருப்பி அனுப்பின புருஷன் வூட்டுக்காரங்களும் போறப்ப அதச் சொல்லிக் காட்டித்தான் அனுப்பினாங்க.

மெக்கானிக் மனசுல ஒண்ணு வெச்சு வெளியில ஒண்ணு பேசறவரு இல்ல. கணக்கை நீட்டினாரு. "இன்ஜின்ல நான் பண்ணக் கூடியது எல்லாம் பண்ணிட்டேன். இனிமே எடை கம்மியாவணும். சேலத்துல ஒருத்தரு இருக்காரு, பத்து வருஷமா நேவிகேட்டரு. அம்பத்திரெண்டு கிலோதான். ஒரு ரேலிக்கு அவரை உக்கார வெச்சா முப்பத்திரெண்டு கிலோ நேரா கம்மி. தப்பா எடுத்துக்காதீங்கக்கா, நம்பரைத்தான் சொல்றேன்."

நான் தம்பி மொகத்தைப் பாத்தேன். அவன் போர்டைப் பாத்துக்கினு நின்னான். ஒரு வார்த்தை சொல்லல. வேணும்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. ஆத்துல ஒரு காலு சேத்துல ஒரு காலு, அவன் எப்பவும் அப்பிடித்தான்.

காரை விட்டு எறங்கி நேரா ரோட்டுக்கு நடந்தேன். டவுன் பஸ் வந்துது, ஏறிட்டேன். கள்ளக்குறிச்சி வர்ற வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கினு அழுதேன். கண்டக்டரு டிக்கெட்டு கேக்க வந்தவரு என் மொகத்தைப் பாத்துட்டு, மொதல்ல பின்னாடி எல்லாருக்கும் குடுத்துட்டு அப்புறமா வந்தாரு.

அந்த சீட்டு எனக்கு இன்னான்னு யாருக்கும் நான் சொன்னதில்ல, இங்க சொல்றேன். வூட்டுலயும் விசேஷத்துலயும் நான் வாயத் தொறந்தா "நீ சும்மா இரு"ன்னுதான் சொல்லுவாங்க. திரும்பி வந்தவளுக்கு இன்னா பேச்சுன்னு ஒரு நெனப்பு. அந்தக் காருக்குள்ள மட்டும் நான் வாயத் தொறக்கலன்னா செத்தோம்னு ஒருத்தன் காதைக் குடுத்துக்கினு உக்காந்திருக்கான். நான் "எடம் மூணு, இறுக்கு"ன்னா, எடப்பக்கம் போகப் போக இறுகற, கண்ணுக்குத் தெரியாத வளைவுக்கு அவன் பிரேக்கு அடிக்கறான். என் பேச்சுக்கு இந்த ஒலகத்துல அப்பிடி ஒரு மரியாதை இருந்தது அந்த ஒரு எடத்துலதான். அதப் போயி கிலோ கணக்குல பிடுங்கறாங்க.

நாலாவது ரேலிதான் சீசனோட கடைசி. பேரு குடுக்க மூணு வாரம் இருந்துது. அதுக்குள்ள முப்பத்திரெண்டு கிலோ கொறையணும், இல்லன்னா என் சீட்டு சேலத்துக்காரருக்கு. நான் இன்னா பண்ணேன் தெரியுமா? பட்டினி கிடந்தேன். காலையில ரெண்டு வெள்ளரிக்கா, மத்தியானம் மோரு, ராத்திரி துஆ கேட்டுட்டு படுக்கறது. ஒம்பது நாளு. கல்லாவுல உக்காந்தா தலை சுத்துது. மிச்சம் குடுக்கறப்ப நூறுக்கு ஐநூறு எடுத்துக் குடுத்தேன், வாங்கினவரு நல்ல மனுஷன், திருப்பிக் குடுத்தாரு. எறங்கினது ஒண்ணரைக் கிலோ.

தம்பி பாத்துக்கினேதான் இருந்தான். பத்தாம் நாளு காலையில, "ஒரு ரேலிதான்க்கா"ன்னான். அந்த ஒரு வார்த்தைக்கு அவன் வாயத் தொறக்காமயே இருந்திருக்கலாம். கையில இருந்த ஆயில் டப்பாவை அவன் மேல எறியாம கீழ வெச்சேன்னா, அது காலி டப்பா இல்லன்றதாலதான்.

அன்னிக்கு மத்தியானம் வெல்டர் அண்ணன் கடைக்கு வந்தாரு, ஏதோ பேரிங்கு வாங்க. என் முன்னாடி தட்டுல வெள்ளரிக்கா. "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லயா? மொகம் வாடிக் கீது"ன்னாரு. அவ்ளோதான். ஒம்பது நாளு பசியும் அவரு தலையில எறங்கிச்சு.

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லண்ணே, ஒடம்புதான் பிரச்சனையே. பட்டை மேல பட்டை, சேனல் மேல சேனல்னு நீங்க ஒரு லாரி இரும்பை மாட்டி வெச்சிருக்கீங்க. அதுல ஒரு துண்டைக் கழட்டுவீங்களா? மாட்டீங்க. ஒங்க இரும்புக்கு மானம் இருக்கு. எனக்குத்தான் ஒண்ணும் இல்லயே, என்னைக் கழட்டிடுங்க!"

கடையில ரெண்டு கஸ்டமரு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. வெல்டர் அண்ணன் கையில இருந்த பேரிங்கைக் கவுண்டர்ல வெச்சுட்டு, வாங்காமயே போயிட்டாரு. ஆத்திரக்காரிக்கு புத்தி மட்டுன்னு சும்மாவா சொல்றாங்க? அந்த மனுஷன் எங்களுக்காக எத்தினி நாளு சொந்த வேலையை நிறுத்தி வெச்சாரு. சாயங்காலம் வரைக்கும் போன் பண்ணலாம்னு எடுப்பேன், வெச்சுடுவேன்.

மறுநாளு காலையில தம்பி கூப்ட்டான். "அக்கா, பட்டறைக்கு வா. சீக்கிரம் வா."

போனேன். காரு நாலு கட்டை மேல நிக்குது. அடியில வெல்டர் அண்ணன் மல்லாக்கப் படுத்திருக்காரு. கையில இரும்பு அறுக்கற கிரைண்டரு. நெருப்பு பறக்குது. பக்கத்துல ஒரு உரச் சாக்கு. மெக்கானிக் ஓரமா ஸ்டூல் போட்டு உக்காந்திருக்காரு. என்னைப் பாத்ததும், "காலையில ஆறு மணிக்கு எனக்குப் போன் பண்ணாரு. 'எத்தினி கிலோ கம்மியானா அந்தப் பொண்ணு உக்காரலாம்'னு கேட்டாரு. முப்பத்திரெண்டுன்னேன். வெச்சுட்டாரு"ன்னாரு.

காருகிட்ட போனேன். அண்ணேன்னு கூப்ட்டேன், கிரைண்டர் சத்தத்துல அவருக்குக் கேக்கல. அதுவும் நல்லதுதான், கேட்டிருந்தா நான் இன்னா பேசியிருப்பேன்னு தெரியல.

தன் வேலையைத் தானே வெட்டறதுன்னா அந்த மனுஷனுக்கு எப்பிடி இருந்திருக்கும்! ஒவ்வொரு துண்டையும் வெட்டி எடுத்துட்டு ஒரு நிமிஷம் பாப்பாரு, அப்புறம் சாக்குல போடுவாரு. யானைக் கொக்கி போச்சு. சேனலு போச்சு. கதவுக்குள்ள வெச்ச பட்டைங்க போச்சு. ஆர்ம்ல ரெட்டைப் பட்டை ஒத்தைப் பட்டை ஆச்சு. ஆளு உயிரைக் காப்பாத்தற ரோல் கேஜ் கம்பிக் கூட்டை மட்டும் யாரும் தொடல, அது விதிப்படி வெளியில வாங்கி மாட்டினது. மூணாம் நாளு சாக்கைத் தூக்கிக்கினு பழைய இரும்புக் கடைத் தராசுல போட்டோம். பத்தொம்பது கிலோ.

"இன்னும் பதிமூணு"ன்னாரு மெக்கானிக்.

வெல்டர் அண்ணன் பீடி பத்த வெச்சாரு. மிச்சம் இருந்தது சம்ப்புக்கு அடியில இருக்கற எட்டு எம்எம் பிளேட்டு ஒண்ணுதான். அது மட்டுமே இருவத்தாறு கிலோ. அத நாலு எம்எம்மா மாத்தினா சரியா பதிமூணு. எல்லாருக்கும் தெரியும். அவரே பேசினாரு. "எட்டு எம்எம் போட்டுப் பழகின கையி. நாலு எம்எம் போட வெக்கமா கீது. நாளைக்கு அது கிழிஞ்சா, கட்டினவன் எவன்னு என்னைத்தான் கேப்பானுங்க."

சொல்லிட்டு எழுந்து போயி நாலு எம்எம் தகடு எடுத்துக்கினு வந்தாரு. மாட்டி முடிச்சு, போல்ட்டை இறுக்கிட்டு, என்னைக் கூப்ட்டாரு. "பாரும்மா. முன்ன கல்லு அடிச்சா பிளேட்டு பாத்துக்கும். இப்ப பிளேட்டு பாத்துக்காது. நீதான் பாத்துச் சொல்லணும்."

எடைமேடைக்கு மறுபடியும் போனோம். அதே நம்பர் போர்டு. இந்தத் தடவை யாரு சிரிச்சாலும் சரின்னுதான் ஏறினேன். மெக்கானிக் கணக்குப் போட்டுப் பாத்துட்டு, அங்கயே நின்னு சேலத்துக்கு போன் அடிச்சு, "மன்னிச்சுக்கோங்க சார், எங்க ஆளே உக்காருது"ன்னாரு. எங்க ஆளுன்னு அவரு சொன்னது என் காதுல இன்னும் இருக்கு. நம்பரை மட்டும் பாக்கற மனுஷன் நம்பர் சரியானதும் அடுத்த நிமிஷம் என் பக்கம் நின்னாரு. அவரு மேல வெச்சிருந்த கோவம் எல்லாம் அதோட போச்சு.

வெல்டர் அண்ணன் சொன்னதுல ஒரு சிக்கல் இருந்துது. ரோட்டுல கெடக்கற கல்லைப் பாத்துச் சொல்லணும், சரி. எப்பிடிச் சொல்றது? கல்வராயன் மலையில வெள்ளிமலை தாண்டி ஒரு விவசாயி, மரவள்ளிக் கிழங்கு லோடு எறக்கறதுக்கு தன் காட்டுக்குள்ள போட்டிருந்த மண் பாதையை எங்களுக்கு விட்டுக் குடுத்திருந்தாரு. ஒண்ணரைக் கிலோமீட்டரு, ஏழு வளைவு, கல்லுக்குக் கொறச்சலே இல்ல. லோடு இல்லாத நாளுல பகல்ல மட்டும் ஓட்டிக்கலாம், மாடு வந்தா நிறுத்திடணும்னு ஒப்பந்தம். நாங்க ஓட்டறப்ப அவரு வேலியோரமா ஒரு பலா மரத்தடியில உக்காந்து வேடிக்கை பாப்பாரு. போறப்ப ஒரு பலாச்சுளைப் பொட்டலம் கையில குடுப்பாரு. பட்டினி முடிஞ்சுடுச்சு, நானும் வெக்கப்படாம வாங்கிப்பேன்.

மொதல் ஓட்டத்துல நான் "கல்லு!"ன்னேன். தம்பி பயந்து பிரேக்கு அடிச்சான். பாத்தா எலுமிச்சங்கா அளவு. அடுத்த தடவை "சின்னக் கல்லு!"ன்னேன். அவன் மேல ஏத்தினான், டம்முன்னு அடிச்சுது. "இதா சின்னது?"ன்னு கத்தினான். "உன் கண்ணு இன்னா பொடனியிலயா கீது?"ன்னு நான் கத்தினேன். மூணு ஓட்டம் இப்பிடியே போச்சு. வேலியோரத்து விவசாயி சிரிக்கறாரு. நாலாவது ஓட்டத்துல ஒரு வளைவு திரும்பினதும் எதிர்ல ஒரு கல்லு. அவன் "எவ்ளோ பெருசு?"ன்னு கத்தினான். யோசிக்க நேரம் இல்ல. "பேட்டரி!"ன்னேன்.

அவன் விலகினான். ஒரு நொடிகூட யோசிக்கல. சரியா விலகினான்.

முடிவுல வண்டியை நிறுத்திட்டு ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தோம். நடக்கத் தெரிஞ்ச நாள்லேருந்து நாங்க அந்தக் கடைக்குள்ள வளந்தவங்க. பேட்டரின்னா எவ்ளோ உசரம், எவ்ளோ அகலம்னு எங்க கையிக்குத் தெரியும். அத யாரும் எங்களுக்கு அளந்து காட்ட வேணாம். அன்னிக்கே உக்காந்து முடிவு பண்ணோம். பிளக்குன்னா அந்தக் கல்லைக் கண்டுக்காதே. ஆயில் ஃபில்டருன்னா ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல விட்டு மேல போ. பேட்டரின்னா விலகு. மூணே வார்த்தை. நோட்டுல வளைவோட சேத்து எழுத ஆரம்பிச்சேன்: 'எடம் நாலு, எண்பது, நடுவுல ஃபில்டரு, வலம் மூணு, உள்ள பேட்டரி.' நாலு, மூணுன்றது வளைவு எவ்ளோ திரும்பும்னு, எண்பதுன்றது அடுத்த வளைவுக்கு எத்தினி மீட்டருன்னு. மெக்கானிக் நோட்டை வாங்கிப் பாத்துட்டு, "இது இன்னா ஸ்டாக் லிஸ்ட்டா?"ன்னாரு. அடுத்த ஓட்டத்துல கடியாரத்தைப் பாத்தவரு அப்புறம் ஒண்ணும் கேக்கல.

கடைசி ரேலி கர்நாடகா பக்கம் காபித் தோட்டத்து ரோட்டுல. ரெண்டு நாளு. காரு ஏத்தத்துல ஏறிச்சு! அந்த சந்தோஷத்தை எப்பிடிச் சொல்றது? மூணு ரேலியா மொனகிக்கினு இருந்த அதே காரு, காலை வெச்சதும் துள்ளுது. தம்பி ஹெல்மெட்டுக்குள்ள சிரிக்கறது மைக்ல கேக்குது. "சிரிக்காதடா, எடம் ரெண்டு!"ன்னு நான் கத்தறேன். பிளக்கு, ஃபில்டரு, பேட்டரின்னு வாய் ஓயாம சொல்லிக்கினே வந்தேன். முன்னாடி போன காருங்க மண்ணைக் கிளறி புதுசு புதுசா கல்லைத் தூக்கிப் போட்டிருக்கும், அது நோட்டுல இருக்காது. நோட்டை ஒரு கண்ணால படிக்கணும், ரோட்டை ஒரு கண்ணால பாக்கணும்.

ரெண்டாம் நாளு ஒரு எறக்கத்துல தப்பு பண்ணிட்டேன். நெழல்ல கெடந்த கல்லு. "ஃபில்டரு!"ன்னேன். அவன் நம்பி நடுவுல விட்டான். அது ஃபில்டரு இல்ல. காலுக்கு அடியில அப்பிடி ஒரு இடி, பல்லு கடகடன்னு ஆடிச்சு. யா அல்லா! என் கண்ணு நோட்டை விட்டு ஆயில் லைட்டுக்குப் போச்சு. செவப்பு எரியப் போவுது, இதோ எரியப் போவுதுன்னு பாக்கறேன். எரியல. அதுக்குள்ள ரெண்டு வளைவு போயிடுச்சு. தம்பி கண்மண் தெரியாம ஓட்டிக்கினே, "அக்கா, பேசுக்கா!"ன்னு கெஞ்சறான். எப்பிடியோ எடத்தைக் கண்டுபிடிச்சு, "வலம் மூணு, நூத்தியிருபது"ன்னு ஆரம்பிச்சேன். 

ஸ்டேஜ் முடிஞ்சு சர்வீஸ் எடத்துக்கு வந்ததும், நான் பெல்ட்டைக் கழட்டறதுக்குள்ள வெல்டர் அண்ணன் காருக்கு அடியில போயிட்டாரு. நான் பக்கத்துல மண்டி போட்டு உக்காந்தேன். "அண்ணே, என் தப்பு. சின்னதுன்னு நெனச்சு சொல்லிட்டேன். தம்பி மேல தப்பு இல்ல, பிளேட்டு மேலயும் தப்பு இல்ல." உள்ளேருந்து கையால தட்டித் தட்டிப் பாக்கற சத்தம் மட்டும். அப்புறம் வெளியில வந்தாரு. மொகத்துல கிரீஸு, கண்ணுல ஒரு வெளிச்சம்.

"கையளவுக்குக் குழிஞ்சி கீது. கிழியல"ன்னாரு. "நாலு எம்எம் இத்தினி தாங்கும்னு இப்பதான்மா எனக்கே தெரியும். முப்பது வருஷமா சும்மா இரும்பை வேஸ்ட் பண்ணிக்கினு இருந்திருக்கேன்." சொல்லிட்டு சிரிக்க ஆரம்பிச்சாரு. எனக்கு அழுகை வந்துது. அன்னிக்கு கடையில பேசினதுக்கு அப்பதான் மன்னிப்பு கேட்டேன். "அத வுடு, நீ சொல்லலன்னா எவன் சொல்றான்"னு கையைத் தொடைச்சுக்கினு போயிட்டாரு.

முடிவுக் கோட்டைத் தாண்டினோம். எங்க கிளாஸ் காருங்கள்ல அஞ்சாவது. மேடை இல்ல, கோப்பை இல்ல, ஓடி முடிச்சோம்னு ஒரு காகிதம். அத நாலு பேரும் மாத்தி மாத்தி வாங்கிப் பாத்தோம், ஏதோ கொழந்தையப் பாக்கற மாதிரி. தொழுது முடிச்சு அன்னிக்கு நான் கேட்டது ஒண்ணுமே இல்ல, நன்றி மட்டும்தான் சொன்னேன். ஒரு மனுஷன் தன் பெருமையை கிரைண்டர் வெச்சு அறுத்து, எனக்கு உக்கார எடம் பண்ணிக் குடுத்தாரு. அத விட பெருசா எனக்கு யாரும் எதுவும் குடுத்ததில்ல.

தம்பி மேல மட்டும் ஒரு சின்ன முள்ளு குத்திக்கினே இருந்துது. எடைமேடையில ஒரு வார்த்தை பேசலயேன்னு. கேக்கவும் இல்ல, மறக்கவும் இல்ல.

ரெண்டு மாசம் கழிச்சு அடுத்த சீசனுக்கு ஃபாரம் வந்துது. கடையில எந்த ஃபாரம் வந்தாலும் நான்தான் எழுதுவேன். பேனா பிடிக்கறதுன்னா அவனுக்கு பாவக்கா. அன்னிக்கு நான் கடனுக்கு சாமான் கேட்ட லாரிக்காரரோட மல்லுக்கட்டிக்கினு இருந்தேன். முடிச்சுட்டுத் திரும்பினா, ஃபாரம் எழுதி முடிச்சு கல்லா மேல கெடக்கு. கோழி கிளறின மாதிரி எழுத்து. ஓட்டுநரு எடத்துல அவன் பேரு. நேவிகேட்டரு எடத்துல என் பேரு. அத ரெண்டு தடவை படிச்சேன். சரி, கழுதை, இதாவது எழுதத் தெரிஞ்சுதேன்னு கீழ பாத்தேன்.

ஓட்டுநருக்கு விபத்து ஏதாவது ஆனா அவசரத்துக்கு யாருக்குத் தகவல் சொல்லணும்னு ஒரு கட்டம். அதுலயும் என் பேரு, என் போன் நம்பரு.

"டேய் லூசு, இங்க வா"ன்னேன். "ஒனக்கு ஒண்ணு ஆவுதுன்னா நானும் அதே காருலதானடா இருப்பேன்! பக்கத்து சீட்டுல! எனக்குப் போன் பண்ணி இன்னா பிரயோஜனம்? யாராவது வெளியில இருக்கறவங்க பேரை எழுதணும்."

அவன் ஷெல்ஃப்ல ஃபேன் பெல்ட்டு அடுக்கிக்கினு இருந்தான். திரும்பிக்கூட பாக்கல.

"வேற யார எழுதறது?"ன்னான்.

நான் அந்தப் பேரை அடிச்சு மாத்தல. அப்பிடியே மடிச்சு கவர்ல போட்டு, ஒட்டி, அனுப்பிட்டேன்.